தொட்டியைக் குளிர வைத்தேன்

உட்காருங்கள் தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் கட்டை. இந்த மோடாவை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்காரி மாங்காட்டுக் கோயிலுக்குப் போயிருக்கிறாள், அதனால் இன்றைக்கு டீ என் கைப்பக்குவம்தான். சர்க்கரை தூக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்வி எனக்கு நன்றாகவே புரிந்தது. பூந்தமல்லியில் புது வீடு. கூடத்தில் இரண்டடிக் கண்ணாடித் தொட்டி. அதில் உப்புத் தண்ணீர் நிரப்பிப் பவழமும் மீனும் வளர்க்க ஆசை. மேலே டியூப்லைட் போடுவதா, எல்இடி போடுவதா என்று ஆளுக்கு ஒன்று சொல்லி உங்களைக் குழப்பிவிட்டார்கள். மீன் கடை கோவிந்தராஜ், "பருத்திப்பட்டு ஏரியாண்ட கஜபதி அண்ணாத்தே ஊட்டுக்குப் போ. ஃபேக்டரில கரண்ட் வேலை பாத்து ரிடையரானவரு. வெளக்குன்னா அவருதான்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். நல்ல மனுஷன். கூடவே அவர் இன்னொன்றும் சொன்னதாகச் சொன்னீர்கள். என் மச்சான் மகள் சௌம்யா எல்இடி போட்டதால்தான் அவள் தொட்டியில் இருந்ததெல்லாம் வெளுத்துச் செத்துப்போயிற்று, கஜபதி தலைபாடாக அடித்துக்கொண்டார், யாரும் கேட்கவில்லை என்று.

அது தவறு. நான் டியூப்லைட் போடச் சொன்னது உண்மைதான். ஆனால் எல்இடியால் அந்தத் தொட்டி சாகவில்லை. மற்ற விஷயங்களில் நானும் கொஞ்சம் முன்னே பின்னே பேசுகிறவன்தான். பெண் பார்க்கப் போனபோது வயதில் இரண்டைக் குறைத்துச் சொன்னவன். விளக்கு விஷயத்தில் மட்டும் எனக்குப் பொய் வராது. சோறு போட்ட தொழில். அதனால் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். கேட்டுவிட்டு எந்த விளக்கு என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

முதலில் கண்ணம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரி. விளக்கை 'அணை' என்கிற வார்த்தை அவள் வாயில் வராது. நம் பக்கத்தில் பல வீடுகளில் அப்படித்தான். சாமி விளக்கைக் குளிர வை என்பார்கள். அணை என்றால் அபசகுனம். கண்ணம்மா அதைச் சாமி விளக்கோடு நிறுத்திக்கொள்ளவில்லை. லைட்டைக் குளிர வை, அடுப்பைக் குளிர வை, டிவியைக் குளிர வை. மாடித் தொட்டி நிரம்பி வழிந்தால் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, "மோட்டார குளிர வெய்யிங்க" என்று குரல் கொடுப்பாள். எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைகள்கூட அவளைப் பார்த்தால் "அத்தே, ஃபேன குளிர வெக்கட்டா" என்று கேட்டுவிட்டு ஓடும்.

ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தபோது பக்கத்து வீட்டில் அன்னம்மாள் டீச்சர் என்று ஒருவர். அவர் ஒரு நாள் மடக்கினார். "எல்லாம் சரி கண்ணம்மா, உங்க ஃப்ரிட்ஜைக் குளிர வைக்கணும்னா என்ன சொல்லுவீங்க?" கண்ணம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, "அத்த தொடவே மாட்டேங்க்கா" என்று சொல்லிவிட்டு, புரையேறும் வரை சிரித்தாள். அப்படிச் சிரிக்கிற பெண்பிள்ளை. பேச்சும் அப்படித்தான், காலையில் பால் பாக்கெட்டோடு ஆரம்பித்தால் பொழுது சாய்கிற வரை ஓயாது.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவளுடைய அண்ணன் வேம்புலியின் மகள்தான் சௌம்யா. சின்ன வயதில் பாதி நாள் சாப்பாடு எங்கள் வீட்டில். இப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் நல்ல வேலையில் இருக்கிறாள். கல்யாணமாகி அடுத்த தெருவிலேயே குடியிருக்கிறாள். அவள் கணவன் ஸ்ரீகாந்த் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன், தங்கமான குணம். அவர்கள்தான் உங்களைப் போலவே இரண்டடித் தொட்டி வாங்கினார்கள். வாங்கியதும் சௌம்யா நேராக என்னிடம் வந்தாள். "மாமா, பவழத்துக்கு வெளிச்சம்தான் சோறாம். இன்னா லைட் போடலாம்?"

தம்பி, ஒருவன் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவனிடம் யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்பதில்லை. மாத்திரை சாப்பிட்டீர்களா என்றுதான் கேட்கிறார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டியூப்லைட் என்றேன். வீட்டில் மாட்டுகிற குண்டு டியூப் இல்லை, அதைவிட ஒல்லியானது, வெளிச்சம் கூடுதல். அதன் அழகு என்ன தெரியுமா, தொட்டியின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை ஒரே சீராகப் பரவும். பவழத்துக்கு அடியில்கூட நிழல் தங்காது. நானே பலகை இழைத்து ஒரு மூடி செய்தேன். உள்பக்கம் அலுமினியத் தகடு வளைத்து அடித்தேன், நான்கு டியூப் வரிசையாக மாட்டினேன், சோக்கை எல்லாம் தனிப் பெட்டியில் வைத்தேன். தொட்டிக்குப் பின்னால் சுவரில் புது சுவிட்சுப் பலகையும் போட்டுக்கொடுத்தேன். பம்புக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று, தண்ணீரைச் சில்லென்று வைக்கிற சில்லருக்கு ஒன்று, மொத்தத்துக்கும் மேலே ஒன்று. போட்டுக் காட்டியபோது சௌம்யா கைதட்டினாள். ஃபேக்டரியில் எனக்குக் கொடுத்த பாராட்டுப் பத்திரத்தைவிட அது பெரிசு.

சித்திரை வெயிலுக்கு ரொம்ப முன்பே, தை மாதத்திலேயே தொட்டித் தண்ணீர் சூடேற ஆரம்பித்தது. நான்கு டியூப் கிட்டத்தில் எரிந்தால் சூடு இறங்கத்தான் செய்யும், அதை நான் மறுக்கவில்லை. சில்லர் மூச்சு வாங்க ஓடியது. வருஷத்துக்கு ஒரு தடவை டியூப்பை மாற்றவும் வேண்டும், கண்ணுக்கு வெளிச்சம் குறையாத மாதிரி இருந்தாலும் பவழத்துக்குக் குறைந்துவிடும். இப்போது அந்த ஒல்லி டியூப் கடைகளில் கிடைப்பதும் அரிது. ஸ்ரீகாந்த் இதையெல்லாம் படித்துவிட்டு ஒரு எல்இடி வாங்கிவந்தான். உள்ளங்கை அகலம்தான். ஒரு கம்பியில் தொங்கியது. நீலமாக எரிந்தது. கல்யாண மண்டபத்து வாசல் போல இருக்கிறது என்று சொன்னேன். ஒரே இடத்தில் குத்துகிற வெளிச்சம், பவழம் கருகிவிடும் என்றும் சொன்னேன். ஸ்ரீகாந்த் மரியாதையாகத் தலையாட்டினான். முதலில் மங்கலாக வைத்து, வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினான்.

பவழம் கருகவில்லை. தழைத்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும் அல்லவா. பச்சைப் பவழம் பூ விரித்த மாதிரி விரிந்தது. ஊதா ஒன்று கல்லைத் தாண்டிப் படர்ந்தது. ஒரு ஜோடி கோமாளி மீன் விட்டிருந்தார்கள், ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்டது. பெண் மீன் பெரிசு, ஆண் மீனைத் தொட்டி முழுக்க விரட்டிக்கொண்டே இருக்கும். கண்ணம்மா அவற்றைப் பார்த்த உடனே பெயர் வைத்துவிட்டாள். குவார்ட்டர்ஸில் ஏகாம்பரம், ராஜம்மா என்று ஒரு தம்பதி இருந்தார்கள். அந்த அம்மா புருஷனை ஃபேக்டரி கேட் வரை விரட்டிக்கொண்டு வரும். அந்தப் பெயர்தான். தினமும் சாயங்காலம் அவள் சௌம்யா வீட்டுக்குப் போய், "ஏகாம்பரம் சாப்ட்டாரா, ராஜம்மா உட்டுச்சா" என்று விசாரித்துவிட்டுத்தான் வருவாள்.

என் மூடியைச் சௌம்யா தூக்கிப் போடவில்லை. அவளுக்கு அப்படி மனசு வராது. மாடியில் கவிழ்த்து வைத்து, மண் நிரப்பிக் கொத்தமல்லி விதைத்தாள்.

பங்குனி உத்திரத்துக்கு அவள் வீட்டில் உறவுக்காரர்கள் எல்லோரும் கூடினோம். அந்தக் கொத்தமல்லியில் அரைத்த துவையல் இலையில் வந்தது. வேம்புலி துவையலை விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு, பந்திக்கே கேட்கிற மாதிரி சொன்னார். "மாப்ளே, உன் வெளக்குல கொத்தமல்லி சும்மா தளதளன்னு கீது. டியூப்லைட்டு பேச்ச கேக்காம உட்டாங்க பாரு, அதாலதான் மீனு பொழச்சிது."

டியூப்லைட் என்றால் நம் ஊரில் இன்னொரு அர்த்தம் உண்டு, உங்களுக்குத் தெரியாததா. சொன்னது மண்டையில் உறைக்க நேரமாகிறவன். பந்தி முழுக்கச் சிரித்தது. பரிமாறிக்கொண்டிருந்த கண்ணம்மா, கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள், புரையேறும் வரை. நானும் சிரித்தேன். இரண்டாம் தடவை பாயசம் வாங்கிச் சாப்பிட்டேன். துவையல் நன்றாகவே இருந்தது.

அன்றிலிருந்து எனக்குப் பேரே டியூப்லைட் மாமா ஆயிற்று. நான் ஒன்றும் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. அப்படி வைத்துக்கொள்கிற ஆள் இல்லை நான்.

கத்திரி வெயிலில் ஸ்ரீகாந்தின் தங்கைக்குத் தஞ்சாவூரில் கல்யாணம். இருவரும் சில நாள் ஊருக்குப் போனார்கள். மீனுக்குத் தீனி போடுகிற வேலை எனக்கு, வீட்டுச் சாவி கண்ணம்மாவிடம். ரயில் ஏறியதும் சௌம்யா கண்ணம்மாவுக்கு ஃபோன் செய்தாள். கண்ணம்மா கீரை ஆய்ந்துகொண்டே பேசினாள், பேசி முடித்துவிட்டு என்னிடம் திரும்பிச் சொன்னாள். "ஏங்க, தொட்டிய குளிர வெக்கணுமாம். சௌம்யா சொல்லிச்சு. மறந்துடாதீங்க."

நான் சாவியை எடுத்துக்கொண்டு போனேன். சுவிட்சுப் பலகையில் மேலே இருந்த சுவிட்சை அணைத்தேன். பம்பு நின்றது, சில்லர் நின்றது, நீல விளக்கு நின்றது. நான் போட்டுக்கொடுத்த பலகை என்பதால் ஒரே தட்டு போதும். வேலை என்றால் அப்படி இருக்க வேண்டும். வீடு நிசப்தமாக இருந்தது. எனக்கு மனசுக்கு இதமாக இருந்தது.

மறுநாள் தீனி போடப் போனேன். ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது, உள்ளே புழுங்கியது. தொட்டியில் கை வைத்தால் குளிக்கிற வெந்நீர் பக்குவம். பவழங்கள் சுருங்கியிருந்தன. ஏகாம்பரம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. ராஜம்மா பக்கத்திலேயே நின்றது, அன்றைக்கு விரட்டவில்லை. அந்த நேரத்தில் சுவிட்சைப் போட்டிருந்தால் பாதிக்கு மேல் பிழைத்திருக்கும். அது எனக்குத் தெரியும். தீனி போட்டேன். தீனி போடச் சொல்லியிருந்தாள் அல்லவா, அதில் நான் ஒரு நாளும் தவறவில்லை. சௌம்யா ஃபோன் செய்து, "எல்லாம் நல்லா கீதா மாமா?" என்றாள். "நீ சொன்ன மாரியே செஞ்சிருக்கேம்மா, நிம்மதியா கல்யாணத்த பாரு" என்றேன்.

அதற்கு அடுத்த நாள் மத்தியானம் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. இரண்டு மீனும் மிதந்தன. பவழம் எல்லாம் வெள்ளை வெளேரென்று, சுண்ணாம்பு அடித்தது போல. ஒரு யோசனை வந்தது. மாடிக்குப் போனேன். கொத்தமல்லியை வேரோடு மண் உதிராமல் எடுத்து ஒரு வாளியில் வைத்தேன், வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளித்தேன். வாயில்லாச் செடி, அது என்ன பாவம் செய்தது. என் மூடியைக் கழுவித் துடைத்து, வெயிலில் காயவைத்துக் கீழே கொண்டுவந்தேன். டியூப்களையும் சோக்கையும் பரணில் பத்திரமாக வைத்திருந்தாள். மாட்டினேன். தொட்டிமேல் வைத்து, வேறு பிளக்கில் செருகிப் போட்டேன்.

நான்கும் ஒரே நொடியில் எரிந்தன தம்பி. அத்தனை நாள் கழித்தும் ஒன்றுகூட மினுக்கவில்லை. மூலைக்கு மூலை ஒரே வெளிச்சம். அந்த வெள்ளைமேல் நிழலே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தேன். பிறகு எல்லாவற்றையும் கழற்றி எடுத்த இடத்தில் வைத்துவிட்டு, கொத்தமல்லியைத் திரும்ப நட்டேன். செடி ஒரு இலைகூட வாடவில்லை.

அவர்கள் திரும்பி வந்த அன்று வேம்புலிதான் ஆவடி ஸ்டேஷனிலிருந்து அழைத்துவந்தார். கண்ணம்மா களைப்பாக வருவார்களே என்று மோர் கரைத்து எடுத்துக்கொண்டு போனாள், நானும் கூடப் போனேன். கதவைத் திறந்ததுமே நாற்றம். சௌம்யா தொட்டிக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பின்னால் இருந்த சுவிட்சுப் பலகையை எட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, மெயின் ஸ்விட்ச யாரு ஆஃப் பண்ணது?" என்றாள்.

"நான்தாம்மா. நீதானே குளிர வெக்கச் சொன்னே? உங்க அத்தை சொல்லிச்சே."

எல்லோரும் கண்ணம்மாவைப் பார்த்தார்கள். அவள் மோர்ச் சொம்போடு நின்றுகொண்டிருந்தாள். வேம்புலி தலையில் அடித்துக்கொண்டார். "அடப்பாவமே. இவ அவ பாஷையில சொல்லிகிறா. டியூப்லைட்டும் அப்டியே பண்ணிகீது." ஸ்ரீகாந்த் மட்டும், "மாமா, சில்லருக்கு வயர் போட்டதே நீங்கதானே?" என்று கேட்டான். "வயரு போட்டேன் மாப்ளே. அது இன்னாத்துக்கு ஓடுதுன்னு நான் கேட்டனா?" என்றேன். சௌம்யாவே அவனை அடக்கினாள். "உடுங்க. மாமா இன்னா பண்ணுவாரு, அத்தை சொன்னத்த செஞ்சாரு."

டியூப்லைட்டாக இருப்பதில் இப்படி ஒரு சௌகரியம் இருக்கிறது. வேம்புலிக்கு நான் உண்மையில் கடமைப்பட்டிருக்கிறேன். அவர் பந்தியில் அந்தப் பெயரை வைத்திராவிட்டால், இத்தனை வருஷம் கரண்ட் வேலை பார்த்தவன் ஒரு சுவிட்சைக் கேள்வி கேட்காமல் அணைத்தான் என்பதை யார் நம்பியிருப்பார்கள்.

சௌம்யா நல்ல பெண். அத்தையின் வாயால் தொட்டி போயிற்று என்று வெளியே பேச்சு வரக் கூடாது என்று நினைத்தாள். கோவிந்தராஜ் கடையில், எல்இடி வெளிச்சம் அதிகமாகி வெளுத்துவிட்டது என்று சொல்லிவிட்டாள். அந்தப் பேச்சுதான் பூந்தமல்லி வரை வந்து உங்கள் காதில் விழுந்திருக்கிறது. புரிகிறதா? எல்இடிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தொட்டி சாகும்போது அது எரியக்கூட இல்லை.

டீயைத் தொடவே இல்லையே நீங்கள். ஆறிவிட்டது பாருங்கள்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிகிறது. குளிர வை என்கிற வார்த்தையால் வந்த வினை, பாவம், பெரியவர் தவறாகப் புரிந்துகொண்டார், பிறகு போனது போகட்டும் என்று இருந்துவிட்டார் என்று நினைக்கிறீர்கள். இல்லை தம்பி. கண்ணம்மா சொன்னதில் பாதியைத்தான் உங்களிடம் சொன்னேன். மீதியையும் சொல்லாவிட்டால் கணக்கு நேராகாது.

கீரை ஆய்ந்துகொண்டே அவள் சொன்னது இதுதான். "ஏங்க, தொட்டிய குளிர வெக்கணுமாம். சௌம்யா சொல்லிச்சு. மறந்துடாதீங்க. நான் சொல்ற குளிர வெக்கறது இல்லீங்க, நெஜமாவே சில்லுன்னு வெக்கறது. ஏசி கணக்கா ஒரு பொட்டி கீதாமே, அத்த நிறுத்தாம ஓட உடணுமாம். பாருங்க, அன்னம்மா டீச்சர் அன்னிக்கு ஃப்ரிட்ஜுக்குக் கேட்டாங்களே, அது இன்னிக்கு வந்து நின்னுச்சு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். கீரைத்தண்டு கையிலிருந்து விழுந்தது, அப்படிச் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பைக் கேட்டதும் பந்திதான் ஞாபகம் வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். தெருமுனை திரும்புவதற்குள், எந்த வார்த்தை எனக்குப் போதும், எந்த வார்த்தை வேண்டாம் என்று தீர்மானமாகிவிட்டது.

மோர்ச் சொம்போடு நின்றபோதும் அவள் கேட்டாள். எல்லோர் முன்னாலும், மெல்ல. "ஏசி கணக்கா பொட்டி, ஓட உடணும்னு சொன்னனேங்க. சொல்லலியா?"

"அத்த சொல்லலியே கண்ணம்மா" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "சொன்ன மாரி கீது" என்றாள். பிறகு, "சொல்லலியோ" என்றாள். என்னை நம்பிப் பழகியவள். சௌம்யா எழுந்து வந்து கட்டிக்கொண்டு, "உடுங்க அத்தே, தெரியாம நடந்துச்சு" என்று அழுதாள். அதோடு விசாரணை முடிந்தது.

இப்போது கண்ணம்மா குளிர வை என்று சொல்வதில்லை. அணை என்றும் சொல்வதில்லை. அந்த வார்த்தை வருகிற இடத்தில் சும்மா நின்றுவிடுகிறாள். மோட்டார் ஓடி மாடித் தொட்டி வழிந்தால் அவளே இறங்கி வந்து சுவிட்சைத் தட்டிவிட்டு ஏறிப் போகிறாள். சாமி விளக்கை ஒரு பூவால் தொட்டு, வாய் திறக்காமல் அமர்த்துகிறாள். ஃபோன் வந்தால் என்னிடம் நீட்டிவிடுகிறாள். சௌம்யா எத்தனையோ தடவை கூப்பிட்டும் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. மாங்காட்டம்மனுக்கு ஆறு வாரம் வேண்டிக்கொண்டாள், எலுமிச்சம்பழம் வைத்துக் கும்பிட்டு வந்தாள். அது முடிந்ததும் இன்னொரு ஆறு வாரம் ஆரம்பித்திருக்கிறாள். நல்லதுதான். கோயிலுக்குப் போய்வந்தால் மனசுக்கு லேசாக இருக்கும், நடந்த மாதிரியும் ஆயிற்று. வீடும் முன்னைப் போல இல்லை, அமைதியாக இருக்கிறது. பேப்பரை முழுசாகப் படிக்க முடிகிறது.

அவளிடம் சொல்லிவிடலாமே என்று கேட்கிறீர்கள். யோசிக்காமல் இல்லை. இப்போதுதான் அவள் மனசு ஒரு நிலைக்கு வந்துகொண்டிருக்கிறது, அதைப் போய் ஏன் குழப்ப வேண்டும். வேண்டுதல் பாதியில் நிற்கிறது. சொன்னால் யாருக்கு லாபம், சொல்லுங்கள்.

கேட் சத்தம் கேட்கிறது. அவள்தான்.

"வா கண்ணம்மா. கூட்டமா? இவரு உத்தமன். பூந்தமல்லி. கோவிந்தராஜ் அனுப்பிச்சாரு."

"வாங்க தம்பி. குங்குமம் எடுத்துக்கோங்க. டீ குடுத்தாரா? இன்னா விசயமா வந்தீங்க?"

"தொட்டிக்கு வெளக்கு வாங்கறாரு. பவழம் வளக்கப்போறாராம்."

"அப்டியா. அப்போ நான் உள்ள போறேங்க. நீங்களே சொல்லி அனுப்புங்க. என் வாயிலேர்ந்து ஒண்ணும் வேணாம், புதுசா ஒண்ணு ஆரம்பிக்கிறாங்க." 

பார்த்தீர்களா தம்பி, எவ்வளவு பக்குவம் வந்துவிட்டது. முன்பெல்லாம் இந்நேரம் உங்கள் குலம் கோத்திரம் வரை விசாரித்திருப்பாள்.

கிளம்பிவிட்டீர்களா? இருங்கள், கேட்டு வந்ததற்குப் பதில் வாங்கிக்கொண்டு போங்கள். எல்இடியே வாங்குங்கள். சின்னத் தொட்டிக்கு, அதுவும் நம் ஊர் வெயிலுக்கு, அதுதான் சரி. தண்ணீர் சூடாகாது, கரண்ட் குறைவு, டியூப்புக்காகக் கடை கடையாக அலைய வேண்டாம். எடுத்த எடுப்பில் முழு வெளிச்சம் வைக்காதீர்கள். மங்கலாக ஆரம்பித்து வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். இரண்டடிக்கு நடுவில் ஒன்று போதும், ஓரங்களில் நிழல் விழும், அங்கே வெளிச்சம் அதிகம் கேட்காத பவழத்தை வையுங்கள். பிடிக்காத மருமகன் என்றாலும் சம்பாதிக்கிறவனை வைத்துக்கொள்ளத்தானே வேண்டும். நான் ஒப்புக்கொள்கிறேன்.

போகிற வழியில் கோவிந்தராஜ் கடையில் வண்டியை நிறுத்தி ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சௌம்யாவின் எல்இடி ஒரு தப்பும் செய்யவில்லை, கஜபதியே சொன்னார் என்று. மற்றதைச் சொல்ல வேண்டாம், அது குடும்ப விஷயம். அந்த விளக்கின் பெயர் மட்டும் சுத்தமானால் போதும் எனக்கு. செய்யாத குற்றத்துக்கு ஒன்று பழி சுமந்துகொண்டு நிற்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிம்மதியாகத் தூங்க முடியாது தம்பி, அது வெறும் விளக்காகவே இருந்தாலும்.